பேசக் கற்றுக்கொடுத்தோம், பதில் சொல்ல?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மேடைக்குப் பஞ்சமில்லை. சுதந்திர தினம், குடியரசு தினம், குழந்தைகள் தினம், ஆண்டு விழா என்று எந்த நாளை எடுத்தாலும் ஒரு பேச்சுப் போட்டி உண்டு. தலைவர்களின் பிறந்த நாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டிகள் நடத்திப் பரிசு கொடுக்கிறது. அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம் இருக்கிறது. 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழாவும் நடக்கிறது. இத்தனை மேடைகளில் ஒரு பிள்ளை எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். தலைப்பு முன்கூட்டியே வந்துவிடும். தமிழாசிரியரோ அம்மாவோ அக்காவோ மூன்று பக்கம் எழுதித் தருவார்கள். இல்லையென்றால் பேச்சுக் கட்டுரைப் புத்தகமும் யூடியூபும் இருக்கின்றன. பிள்ளை அதை வரி பிசகாமல் ஒப்பிக்கப் பழகும். எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும், எந்த வரியில் குரலை இறக்க வேண்டும் என்பதும் சொல்லித் தரப்படும். அவையோருக்கு வணக்கம் என்று தொடங்கி, நன்றி வணக்கம் என்று முடித்துக் கீழே இறங்கினால் வேலை முடிந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அடுத்து வரும் பிள்ளையும் அதே தலைப்பில் பேசும். முந்தைய பேச்சில் என்ன சொல்லப்பட்டது என்பது அதற்குத் தேவையே இல்லை.

பள்ளிப் பட்டிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரு அணிக்கும் ஒரே ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். எதிரணியைக் கிண்டல் செய்யும் வரியும் அதற்கு எதிரணி கொடுக்கும் பதிலடியும் ஒத்திகையிலேயே முடிவாகிவிடும். நடுவரின் தீர்ப்பும் அதே தாளில் இருக்கும். பெற்றோர் கைதட்டுவார்கள், பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சி. மனப்பாடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. உச்சரிப்பு திருந்துகிறது, கூச்சம் போகிறது, நல்ல தமிழ் காதில் ஏறுகிறது. ஆனால் விவாதம் வேறு கலை. எதிரில் இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கி, அது எவ்வளவு தூரம் சரி என்று எடைபோட்டு, தன் சொந்தச் சொல்லில் மறுமொழி தரும் அந்த நிமிடத்தில்தான் விவாதம் தொடங்குகிறது. நம் பள்ளிகளில் மேடை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, பரிசு இருக்கிறது. அந்த ஒரு நிமிடம் மட்டும் இல்லை. பிள்ளைகளுக்கு விவாதத்தை அறிமுகப்படுத்துவதென்றால் முதலில் அந்த நிமிடத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதை வெளியூர்ச் சரக்கு என்று ஒதுக்க முடியாது. மணிமேகலையின் முதல் காதையில் புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைகிறார்கள். பல சமயங்களின் பொருளை வாதிடுவோர் முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏறட்டும் என்று அழைக்கும் அதே அறிவிப்பு, பகைவரோடுகூடச் சினமும் பூசலும் வேண்டாம் என்று அடுத்த மூச்சிலேயே எச்சரிக்கிறது. வாதத்துக்கு அழைப்பும் வாதத்தின் ஒழுக்கமும் அங்கே சேர்ந்தே வருகின்றன. அதே காப்பியத்தில் மணிமேகலை வஞ்சி மாநகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் தன் வழியைத் தேர்கிறாள். நீலகேசி நூல் முழுவதும் வாதம்தான். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், நூல் செய்பவர் மேற்கொள்ளத்தக்க ஏழு நிலைப்பாடுகளைப் பாயிரத்தில் பட்டியலிடுகிறார். உடன்படுவது, மறுப்பது ஆகிய இரண்டை அடுத்து அவர் வைப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதைக் களைவது. எதிர்க்கருத்தின் உள்ளே போய் வந்த பிறகே அதை மறுக்கும் தகுதி வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

நம் காலத்துக்கு நெருங்கி வந்தாலும் சான்று உண்டு. 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரியிலும் மார்ச்சில் சேலத்திலும் கம்பராமாயணத்தைப் பற்றி நடந்த சொற்போர்களில் அண்ணா ஒரு பக்கம் நின்றார். முதல் மேடையில் ரா.பி. சேதுப்பிள்ளையும் இரண்டாவது மேடையில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். கம்பனை உயிராக நினைத்தவர்களும் அவனைக் கடுமையாக எதிர்த்தவர்களும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து கேட்ட வாதம் அது. யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கலாம். எதிரே இருப்பவரின் வாதத்துக்கு நேராகப் பதில் சொல்லியே ஆக வேண்டிய மேடை அது என்பதில் ஐயமில்லை. காரைக்குடிக் கம்பன் விழா மேடையில் வளர்ந்து, குன்றக்குடி அடிகளாரால் ஊர் ஊராகப் பரவி, சாலமன் பாப்பையா காலத்தில் பண்டிகை நாள் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்த பட்டிமன்றம் தமிழருக்குப் பெரிய இன்பத்தைத் தந்திருக்கிறது. ஆனால் அது மெல்ல மெல்ல நகைச்சுவைப் பக்கம் சாய்ந்துவிட்டது. பள்ளிகள் அந்தச் சாய்வைத்தான் படியெடுத்துக்கொண்டன. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்ற தலைப்பில் ஒரு பிள்ளை எந்தச் சான்றைத் தேடிப் போகும்?

மறுமொழி சொல்லப் பழகுவதால் என்ன நடக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று நியூயார்க்கிலிருந்து வருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியின் உளவியலாளர் டீன்னா கூன், அமண்டா குரோவெலுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு அது. வசதி குறைந்த பிள்ளைகள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஒரு குழு விவாதித்தது. ஒரே கருத்துடைய இருவர் ஒரு கணினியின் முன் உட்கார்ந்து, எதிர்க்கருத்துடைய இன்னோர் இருவருடன் தட்டச்சில் வாதிட்டார்கள். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த மற்றொரு குழுவுக்கு இந்தப் பயிற்சி இல்லை. அவர்கள் வகுப்பாகக் கூடிப் பேசினார்கள், நிறையக் கட்டுரை எழுதினார்கள். கடைசியில் இரு குழுவுக்கும் புதிய தலைப்பில் கட்டுரை வைத்தபோது, விவாதித்த பிள்ளைகளின் கட்டுரையே மேலாக இருந்தது. எழுதி எழுதிப் பழகியவர்களைவிட, பதில் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் நன்றாக எழுதினார்கள்! தன் பக்க நியாயத்தோடு எதிர்ப்பக்கத்தின் பலத்தையும் பலவீனத்தையும் எடுத்துப் பேசும் வழக்கம் அவர்களிடம்தான் கூடுதலாக வந்திருந்தது. காரணம் விளங்காததல்ல. வெள்ளைத் தாள் நம்மை மறுத்துப் பேசாது. எதிரில் ஒருவர் இருந்தால், அவர் என்ன கேட்பார் என்ற நினைப்பு எழுதும்போதும் கூடவே வரும்.

அமெரிக்காவின் ஏழை நகர்ப்புறப் பள்ளிகளுக்கென 1980களில் அட்லாண்டாவில் தொடங்கிய விவாதக் கூட்டமைப்புகள் பின்னர் பல நகரங்களுக்குப் பரவின. சிகாகோவில் 1997 முதல் 2006 வரை ஏறத்தாழ 12,000 மாணவர்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு, விவாத அணியில் இருந்தவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று சொன்னது. இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தானே விவாதத்தில் சேருவார்கள்? விவாதம் அவர்களைக் கெட்டிக்காரர் ஆக்கியதா, கெட்டிக்காரர் விவாதத்துக்கு வந்தார்களா? பாஸ்டன் அரசுப் பள்ளிகளின் பத்தாண்டுத் தரவை எடுத்துக்கொண்ட பெத் ஷூலரும் கேத்தரின் லார்னடும் இந்த ஐயத்தோடுதான் தொடங்கினார்கள். ஒரே மாணவர் விவாதத்தில் சேருவதற்கு முன் எப்படி இருந்தார், சேர்ந்த பின் எப்படி இருந்தார் என்று பார்த்தார்கள். வாசிப்பு, மொழித் தேர்வுகளில் கிடைத்த முன்னேற்றம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவர் சராசரியாக ஓர் ஆண்டில் கற்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். அந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு வகுப்பில் மிகவும் பின்தங்கியிருந்த மாணவர்களுக்குக் கிடைத்தது. நம் ஊரில் விவாதத்துக்கு நாம் முதலில் தேர்ந்தெடுப்பது யாரை? ஏற்கெனவே நன்றாகப் பேசும் பிள்ளையை. யாருக்கு மிகவும் பயன்படுமோ அவர்களை வேடிக்கை பார்க்க உட்கார வைத்துவிடுகிறோம்.

ஆறாம் வகுப்பில் இதை எப்படி நடத்தலாம் என்று ஒரு தலைப்பை வைத்துப் பார்ப்போம். வகுப்பறை பெஞ்சுகளை 'ப' வடிவில் போடலாமா என்ற பேச்சு 2025இல் தமிழ்நாட்டில் எழுந்தது. நாள் முழுக்க அந்த பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேண்டியதில்லை. இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். யார் எந்தப் பக்கம் என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்யலாம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு. பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. எதிரணி சொல்வதை இடப்பக்கம் குறிக்க வேண்டும், அதற்கான தன் பதிலை வலப்பக்கம். முதல் பிள்ளை இரண்டு நிமிடம் பேசுகிறது: "கடைசி பெஞ்ச்சுன்னே ஒண்ணு இருக்காது, எல்லாரும் டீச்சர் கண்ணுல படுவாங்க." அடுத்த பிள்ளை உடனே மறுக்கக் கூடாது. "எல்லாரையும் டீச்சர் சமமா கவனிப்பாங்கன்னு சொல்ற, அதானே?" என்று கேட்டு, எதிரே இருப்பவர் ஆமாம் என்ற பிறகே பதிலுக்குப் போகலாம். "ஓரத்துல உக்கார்றவங்க நாள் பூரா கழுத்தத் திருப்பித்தான போர்டப் பாக்கணும்? நாப்பது பேருக்கு இடம் பத்துமா?" என்று கேள்வி வருகிறது. "வாராவாரம் இடத்த மாத்திக்கலாம்ல" என்று பதில் வருகிறது. இடம் பற்றுமா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. விவாதத்தின் மிக நல்ல கட்டம் அதுதான். ஓர் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்துவிட்டு மறுநாள் மீண்டும் பேசலாம். அன்று யார் ஜெயித்தார்கள் என்று அறிவிக்கத் தேவையில்லை. அணிகளைப் பக்கம் மாற்றி உட்கார வைத்தால் போதும்.

அந்தப் பக்கம் மாற்றுவதில்தான் மிகக் கனமான எதிர்ப்பு எழும். நம்பாத ஒன்றுக்காக வாதாடச் சொல்வது பிள்ளைக்கு நேர்மையின்மையைப் பழக்குவதாகாதா? தியோடர் ரூஸ்வெல்ட் தன் சுயசரிதையில் இதைக் கடுமையாகவே கேட்டிருக்கிறார். நம்பிக்கை எதுவென்று பாராமல் ஆளுக்கொரு பக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறை தனக்கு உடன்பாடில்லை என்றும், ஹார்வர்டில் படித்தபோது விவாதத்தில் சேராதது நல்லதாயிற்று என்றும் எழுதினார். 1954இல் கம்யூனிஸ்ட் சீனாவை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்ற தலைப்பு கல்லூரிகளுக்கு வந்தபோது, வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ் ராணுவக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை அதில் பேச விடவில்லை. இந்தத் தயக்கத்தை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆனால் மறுபக்கத்தில் நிற்கும் ஒரு நிகழ்வையும் பார்க்க வேண்டும். 2015 செப்டம்பரில் நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில், பார்ட் கல்லூரியின் சிறைக் கல்வித் திட்டத்தில் படித்த கைதிகள் ஹார்வர்ட் அணியைத் தோற்கடித்தார்கள். ஆவணமற்ற குடியேறிகளின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் சேர்க்க மறுக்கலாம் என்ற பக்கம் அவர்களுக்கு விழுந்தது. அவர்கள் அதை ஏற்காதவர்கள். இணையமும் அவர்களுக்கு இல்லை. தாங்கள் எதிர்க்கும் கருத்தின் மிக வலுவான வடிவத்தைத் தேடிப் படித்துத்தான் அவர்கள் பேச முடிந்தது. அப்படிப் படித்தவர் அந்தக் கருத்தை நாளை வெளியே சந்தித்தால் தடுமாற மாட்டார். எதிரியின் நல்ல வாதத்தை ஒருபோதும் கேளாதவரின் நம்பிக்கைதான் முதல் அடியிலேயே ஆட்டம் காணும்.

ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கூனின் ஆய்வில் பிள்ளைகள் தாங்கள் நம்பும் பக்கத்திலிருந்துதான் தொடங்கினார்கள்; நம் வகுப்புகளிலும், 'ப' வடிவ பெஞ்ச் போல யார் மனதையும் தொடாத தலைப்புகளைத் தவிர்த்து, மற்றவற்றில் முதல் சில மாதங்கள் அப்படியே இருக்கட்டும். தீண்டாமை சரியா, பெண் குழந்தைக்குப் படிப்பு வேண்டுமா, வரதட்சணை வாங்கலாமா என்பவை பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாணயத்தைச் சுண்டிப் பக்கம் பிரிக்கும் தலைப்புகள் ஆகவே கூடாது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் மானத்தை இன்னொரு பிள்ளை கேள்விக்குள்ளாக்கும் நிலை வரக் கூடாது. தீண்டாமையை ஒழிக்கச் சட்டம் மட்டும் போதுமா என்று கேட்கலாம். அதில் இரு பக்கமும் மனிதருக்கு மதிப்புக் கொடுத்தே பேச முடியும். தலைப்பைத் தேர்வதில் ஆசிரியர் செலவிடும் பத்து நிமிடம், விவாதத்தை நடத்துவதற்கு அவர் படும் பாடு அனைத்தையும்விட முக்கியம்.

பெரியவர்களை எதிர்த்துப் பேசப் பழகிவிடுவார்கள் என்பது வீடுகளில் எழும் அச்சம். வாய்த்துடுக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் காரணம் சொல்லத் தெரியாததால் வரும் கோபம். விவாதத்தில் பிள்ளை தன் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், நேரம் முடிந்தால் நிறுத்த வேண்டும், ஆளைச் சொல்லாமல் கருத்தைச் சொல்ல வேண்டும், எதிரே இருப்பவர் சொன்னதைத் திரிக்காமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இவற்றில் எது மரியாதைக் குறைவு? உண்மையில், இந்த நான்கையும் கடைப்பிடிக்கும் பெரியவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. "ஏன்?" என்று கேட்கும் பிள்ளைக்கு "நான் சொல்றேன், செய்" என்பதற்கு மேல் ஒரு வரி சொல்ல வேண்டிய கடமை நமக்கு வரும் என்பது உண்மைதான். அந்தக் கடமையை நாம் ஏற்கத்தான் வேண்டும். விஞ்ஞான மனப்பான்மையையும் கேட்டறியும் பண்பையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. பதினெட்டு வயதில் வாக்குச் சீட்டைக் கையில் கொடுக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு நாளாவது இரு பக்கத்தையும் கேட்டு முடிவெடுக்கும் வாய்ப்பை எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம்?

இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துவதைப் பார்ப்பவர்களுக்கு, விவாதம் என்றாலே வெறுப்பு வருவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பிள்ளைகளும் அதைத்தான் பார்க்கிறார்கள். வேறு மாதிரி ஒன்றைப் பள்ளி காட்டாவிட்டால், விவாதம் என்றால் அதுதான் என்று நம்பிவிடுவார்கள். மதிப்பெண் போடும் முறையிலேயே இதைச் சரி செய்யலாம். நம் போட்டிகளில் குரல் வளம், உடல்மொழி, சரளம் ஆகியவற்றுக்கே மதிப்பெண் குவிகிறது. எதிரணியின் மிக வலுவான வாதத்தைச் சரியாக எடுத்துச் சொன்னதற்கு ஒரு பங்கு, சான்று காட்டியதற்கு ஒரு பங்கு, "இதில் நீங்கள் சொல்வது சரி" என்று ஒப்புக்கொண்டதற்கு ஒரு பங்கு என்று வைத்தால், சத்தம் தானாகக் குறையும். எதற்கு மதிப்பெண்ணோ அதைத்தான் பிள்ளைகள் பழகுவார்கள்.

கூச்சப்படும் பிள்ளைக்கு இது தண்டனையாகிவிடும் என்ற கவலைக்கு நியூயார்க் பள்ளியிலேயே பதில் இருக்கிறது. அங்கே வாதத்தின் பெரும்பகுதி வாயைத் திறக்காமல் எழுத்தில் நடந்தது. கணினி இல்லாத பள்ளியில் ஒரு தாளைக் கைமாற்றி எழுதினாலும் போதும். மொழியைப் பற்றிய கவலை இதைவிடப் பெரிது. 1988இல் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டி ஆங்கிலத்தில் நடக்கிறது. நம் நகரங்களில் விவாதப் பயிற்சியும் மாதிரி ஐ.நா. மாநாடுகளும் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்த ஆங்கிலவழிப் பள்ளிகளோடு நின்றுவிடுகின்றன. விவாதம் என்றால் ஆங்கிலம் என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றிவிட்டது. இலங்கைத் தமிழ்ப் பள்ளிகளில் தமிழ் விவாத அணிகள் இன்றும் எதிரணியின் கருத்தைத் தொகுத்து மறுத்துப் பேசுவதை நாம் பார்த்துக் கற்கலாம். தமிழில் நடத்தும்போதும் செந்தமிழில்தான் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே கட்டாயப்படுத்தக் கூடாது. வாக்கியத்தைத் திருத்தும் கவலையில் பிள்ளை வாதத்தைத் தொலைத்துவிடும். வீட்டில் பேசும் தமிழில் யோசித்து, அதே தமிழில் வாதாடட்டும். நல்ல உரைநடை பின்னால் வந்து சேரும்.

நேரம் எங்கே, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்களுடைய சுமை உண்மையானது. இதற்குத் தனி ஆசிரியரோ தனி நிதியோ வேண்டாம். இலக்கிய மன்றத்துக்கு ஏற்கெனவே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் மாதம் ஒரு முறை, ஆறாம் வகுப்பிலிருந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வரும்படி நடத்தலாம். பாடத்துக்குள்ளேயும் இடம் உண்டு. சமூக அறிவியலில் அணைக்கட்டுப் பாடம் வந்தால் நன்மை தீமைகளைப் பட்டியலாக எழுதிப் போடுவதற்குப் பதில் இரு அணியாகப் பேசவிட்டால், அந்தப் பாடம் தேர்வுக்குப் பிறகும் நினைவில் இருக்கும். பெற்றோர் செய்யக் கூடியதும் உண்டு. குடும்பக் குழுவில் வந்து விழும் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, இது உண்மை என்று ஒருவரும் பொய் என்று ஒருவரும் பேசிப் பார்க்கலாம். பிள்ளை சொல்வதில் நியாயம் இருந்தால் சாப்பாட்டு மேசையிலேயே அதை ஒப்புக்கொள்ளுங்கள். பேசினால் பெரியவர்களின் முடிவும் மாறும் என்பது பிள்ளைக்கு அப்போதுதான் தெரியும்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பேச்சுப் போட்டியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த அரை மணி நேரத்தை யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு விவாதத்துக்குத் தாருங்கள். பிள்ளைகள் திக்குவார்கள், நடுவில் நின்று யோசிப்பார்கள், ஒருவர் பேச வேண்டியதை இன்னொருவர் பேசிவிடுவார். அந்தத் தடுமாற்றத்தை மறைக்க ஒத்திகை வைக்காதீர்கள். பார்வையாளர் வரிசையில் இருக்கும் பெற்றோரே, கைதட்டுவதோடு நிற்காமல் ஆளுக்கொரு கேள்வி கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.